துணிக்கு நடுவே கருவாடு

அன்புள்ள அக்காவுக்கு,

மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமம் எங்களுடையது. வீட்டுக்காரர் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறார். மூத்த மகளுக்குக் காசி இந்து பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. எங்கள் குடும்பத்தில் மதுரையைத் தாண்டிப் படிக்கப் போகும் முதல் பிள்ளை அவள்தான். அடுத்த வாரம் பனாரஸ் வண்டியில் ஏறுகிறாள். அவள் அப்பா கூடப் போய் விட்டுவிட்டு வருவார்.

பெரிய இரும்பு டிரங்குப் பெட்டி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அதில் என்னென்ன வைக்கலாம், எவ்வளவு வைக்கலாம் என்று ஒரு பட்டியல் போட்டுக் கொடுங்கள். ரைஸ் குக்கர் வைக்கலாமா? என் கொழுந்தனார், "காசை மட்டும் கொடுத்து அனுப்புங்க மதினி, எல்லாம் அங்கேயே கிடைக்கும்" என்கிறார்.

இன்னொன்று. கருவாடு இல்லாமல் இவளுக்குச் சோறு இறங்காது. ஆனால் "கருவாட்ட வச்சிராதம்மா, ஹாஸ்டல்ல எல்லாரும் சிரிப்பாங்க" என்கிறாள். அவளுக்குத் தெரியாமல் ஒரு கிலோ நெத்திலி, ஒரு கிலோ வாளை, பெட்ஷீட்டுக்கும் சுடிதாருக்கும் நடுவில் வைத்துவிடலாம் என்றிருக்கிறேன். அங்கே போய்த் திறந்து பார்த்ததும் சந்தோஷப்படுவாள் இல்லையா?

எம்.

அன்புள்ள எம்.,

மாட்டாள் தாயி. பெட்டியைத் திறந்த நிமிஷம் அழுவாள். அதுவும் சந்தோஷத்தில் இல்லை.

கடிதத்தை வாசித்ததும் முதலில் வந்தது பெருமை. மண்டபம் பக்கத்துக் கடல்கரையிலிருந்து ஒரு பெண்பிள்ளை காசிக்குப் படிக்கப் போகிறாள். சேதுவில் மண் எடுத்துப் பிரயாகையில் கரைத்துவிட்டு, கங்கைத் தண்ணீரை ராமநாதசுவாமிக்குக் கொண்டுவருகிற வழி ஒன்று நம்மூரில் காலங்காலமாக உண்டு. அந்த வழியில் புத்தகப் பையோடு போகிறாளே, அவளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். இரண்டாவதாக வந்தது கோபம். அது கருவாட்டைப் பற்றி. கொஞ்ச காலமாக எழுத நினைத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்த விஷயத்தை உங்கள் கடிதம் கிளறிவிட்டது, அதனால் உங்கள் மற்றக் கேள்விகளை வேகமாகத் தாண்டிவிட்டு அங்கே வருகிறேன்.

ரைஸ் குக்கர் வேண்டாம். பல விடுதிகளில் அறைக்குள் சுருள் அடுப்பு, குக்கர் வகையறா வைத்தால் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். டிரங்குப் பெட்டியின் பெயிண்ட் உரியவில்லை என்றால் கடையில் திருப்பிக் கொடுங்கள். வெறும் பெட்டியே ஏழெட்டுக் கிலோ வரும். ஸ்லீப்பர் டிக்கெட்டுக்கு 40 கிலோ வரை ரயிலில் இலவசம்தான். ஆனால் 40 கிலோவை நடைமேம்பாலத்தில் தூக்கி ஏற்றுவது ரயில்வே இல்லை. போகும்போது அப்பா இருக்கிறார், தீபாவளிக்கு வரும்போது? அவள் ஒற்றைக் கையால் பதினைந்து படி ஏற்ற முடிகிற எடைதான் அவளுடைய எடை. சக்கரம் வைத்த பெட்டி ஒன்று, பன்னிரண்டு முதல் பதினைந்து கிலோவுக்குள். முதுகுப் பை ஒன்று, ஐந்தாறு கிலோ. அவ்வளவுதான்.

உங்கள் கொழுந்தனார் சொல்வதில் முக்கால்வாசி சரி. வாளி, மக்கு, தலையணை, துடைப்பம், துணி காயப்போடும் கயிறு, ஹேங்கர் எல்லாம் எந்தப் பல்கலைக்கழக வாசலிலும் கிடைக்கும். ரஜாய், அதாவது பஞ்சு அடைத்த குளிர்காலப் போர்வை, இங்கே வாங்கவே வாங்காதீர்கள். ராமநாதபுரத்துக் கடையில் கிடைக்கும் கம்பளி, ஏசி பஸ்ஸுக்குத்தான் ஆகும். அங்கே மார்கழி, தை இரவுகளில் குளிர் பத்து டிகிரிக்குக் கீழே இறங்கும். ஐப்பசி பிறந்ததும் கடைகளில் ரஜாய் வந்துவிடும், அதற்கான பணத்தை அப்போது அனுப்பினால் போதும். தேங்காய் எண்ணெயை மட்டும் வாயகன்ற டப்பாவில் ஊற்றிக் கொடுங்கள். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்து கட்டியாகிவிடும். நம் கரையில் வளர்ந்த பிள்ளை குறுகிய வாய் பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, எண்ணெய் கெட்டுப்போய்விட்டது என்று தூக்கிப் போட்டுவிடும்.

சான்றிதழ்களைப் பெட்டியில் வைக்கவே கூடாது. அசல் ஒரு கவரில், முதுகுப் பையில், அவள் உடம்போடு. நகல் இரண்டு செட், ஒன்று அப்பாவிடம். அசலை லேமினேட் செய்யாதீர்கள். பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டில் சேர்ந்திருந்தால் சாதிச் சான்றிதழ் மத்திய அரசுப் படிவத்தில் இருக்கிறதா, கிரீமி லேயரில், அதாவது வசதி படைத்த பிரிவில் இல்லை என்ற சான்று இந்த நிதியாண்டில் வாங்கியதா என்று இன்றைக்கே பாருங்கள். தமிழ்நாட்டுச் சான்றிதழை மட்டும் கொண்டுபோய், அங்கிருந்து தாலுகா ஆபீசுக்கு ஆள் ஓடவைக்கும் கதை வருஷா வருஷம் நடக்கிறது. மாத்திரை, நாப்கின், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இதெல்லாம் நீங்கள் ஏற்கெனவே எடுத்து வைத்திருப்பீர்கள்.

இப்போது கருவாடு.

முதலில், ஒளித்து வைத்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். அந்த வண்டி இரண்டு ராத்திரிக்கு மேல் ஓடும். ஸ்லீப்பர் கோச்சில் சீட்டுக்கு அடியில், மூடிய இரும்புப் பெட்டிக்குள், ஆந்திரத்து வெயிலில் கருவாடு வேகும். சூட்டில் மீனுக்குள் மிச்சமிருக்கும் ஈரம் வெளியே வரும். வந்த ஈரத்துக்குப் போக வேறு இடம் இல்லை, சுற்றியிருக்கும் பருத்தித் துணிக்குள்தான் போகும். கூடவே வாடையையும் எடுத்துக்கொண்டு போகும். இரண்டு முறை சோப்புப் போட்டாலும் போகாது.

அங்கே போய் இறங்கும்போது இன்னொரு வில்லங்கம் காத்திருக்கிறது. ஆடியில் இங்கே கச்சான் காற்றடித்து மண் பறக்கும், அங்கே மழைக்காலம். நமக்கு ஐப்பசி கார்த்திகையில்தான் அடைமழை, கங்கைக் கரையில் ஆடி ஆவணிதான். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தண்ணீரை இழுக்க ஆரம்பிக்கும். உங்கள் வீட்டு உப்பு ஜாடி விடியற்காலையில் கசிந்து, மத்தியானம் காய்கிறதே, அதே கணக்கு. உப்புப் போட்ட கருவாடும் அப்படித்தான் இழுக்கும். மண்டபத்தில் சருகு மாதிரி காய்ந்திருந்த வாளை, அங்கே பத்து நாளில் பதத்துப்போகும், ஓரத்தில் ரோஜா நிறத்தில் வழவழப்பாக ஒரு படை கிளம்பும். உப்பளத்து உப்பிலேயே வரும் ஒரு கிருமிதான் அது, உப்பில் சாகாது, ஈரம் கிடைத்தால் பெருகும். சிவப்புப் பாய்ந்த கருவாட்டைக் கழுவிச் சமைக்கக் கூடாது, தூரப் போட வேண்டும். இதெல்லாம் உங்கள் மகளுடைய சுடிதாருக்கு நடுவில் நடக்கும். பக்கத்துக் கட்டிலில் பிறந்ததிலிருந்து மீனே தொடாத வீட்டுப் பிள்ளை ஒன்று இருக்கலாம். அறைத்தோழியோடு அவளுடைய முதல் வாரம் எப்படி இருக்கும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது, கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மகள் உங்கள் முகத்துக்கு நேரே சொன்னாள், சிரிப்பார்கள் என்று பயமாக இருக்கிறது என்று. பதினெட்டு வயசுப் பிள்ளைக்கு அந்தப் பயம் நியாயம். நீங்கள் என்ன செய்யப் பார்க்கிறீர்கள்? துணிக்கு அடியில் ஒளிக்கிறீர்கள். அப்பா கடலில் போய்ப் பிடித்து, அம்மா கரையில் காயவைத்து, அந்தக் காசில் படித்த பிள்ளைக்கு, இது மறைக்க வேண்டிய சாமான் என்று முதலில் சொல்லிக் கொடுப்பவர் நீங்களாக இருக்கக் கூடாது. கொடுப்பதானால் அவளிடம் சொல்லி, அவள் கையாலேயே பெட்டியில் வைக்கச் செய்து கொடுங்கள். வேண்டவே வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அவளாகவே போனில் கேட்பாள். விடுதியில் அசைவத்தை உள்ளே கொண்டுவரலாமா என்பதையும் அவளையே விசாரிக்கச் சொல்லுங்கள். கூடாது என்றால் அத்தோடு முடிந்தது, வாதாட வேண்டாம்.

ஆனால் அவளுடைய பயத்தில் பாதிக்குக் காரணம் நாம்தான். கருவாடு என்றால் நாறும், அதுதான் அதன் குணம் என்று கரைக்காரர்களே ஒப்புக்கொண்டுவிட்டோம். ஒழுங்காகக் காய்ந்த நெத்திலிக்கு மணம் உண்டு. நாற்றம் எங்கிருந்து வருகிறது என்றால், மீன் வலையிலிருந்து இறங்கி உப்பைப் பார்க்கும்வரை கிடக்கிற நேரத்திலிருந்து. அந்த நேரத்தில் மீன் சதையில் கிருமிகள் வேலை செய்து டிரைமெத்தில் அமைன் என்ற ஒன்றை உண்டாக்குகின்றன. பழைய மீன் வாடை என்கிறோமே, அது இதுதான். கரைக்கு வந்து, ஏலத்தில் விலை போகாமல், மத்தியானம் வரை வெயிலில் கிடந்து, "சரி, கருவாட்டுக்குத் தள்ளு" என்று தள்ளப்பட்ட மீனில் செய்த கருவாடு நாறாமல் என்ன செய்யும்? திருக்கை, சுறா இரண்டும் தனி ரகம். அவற்றின் சதையிலேயே யூரியா உண்டு, அது அமோனியாவாக மாறும். வீட்டுக் குழம்புக்கு அவை அருமை, விடுதி அறைக்கு ஆகாது. சூடையும் சாளையும் எண்ணெய்ப் பிடிப்புள்ள மீன்கள், காய்ந்த பிறகு மஞ்சள் பாய்ந்து காறிப்போகும். அவளுக்கு அனுப்ப லாயக்கானது நெத்திலி ஒன்றுதான். வாளையைப் பாங்காக எடுத்து உங்கள் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு ஒரு அனுகூலம் இருக்கிறது. வீட்டுக்காரர் நாட்டுப்படகுக்காரர். ராத்திரி போய்க் காலையில் வருகிற மீன் உங்கள் கைக்கு வரும்போது கண் மங்கியிருக்காது. இந்த வாரத்திலேயே ஒரு நாள் காலை, இரண்டு கிலோ பச்சை நெத்திலியை ஏலத்துக்குப் போகும் முன் எடுத்து வையுங்கள். கரையோரத் தண்ணீரில் அலசாதீர்கள், படகு கழுவிய அழுக்கும் டீசலும் அதில்தான் மிதக்கும். குடிக்கிற தண்ணீரில் அலசுங்கள். லிட்டருக்கு நூறு கிராம் கல்லுப்புக் கரைத்து, பத்துப் பதினைந்து நிமிஷம் அதில் போட்டு, அரித்து எடுத்துத் தண்ணீரை வடியவிடுங்கள். மணலில் பரப்பவே கூடாது. மணல் ஒட்டினால் கடைசிவரை பல்லில் நறநறக்கும், அதோடு அடிப்பக்கம் காயாமல் ஆவியில் புழுங்கும். நார்க்கட்டில் மேல் பழைய வலையை இறுக்கிக் கட்டி, அதன்மேல் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். காற்று கீழேயும் ஓட வேண்டும். கச்சான் அடிக்கிற பக்கம் பார்த்துக் கட்டிலைப் போடுங்கள், காயவைப்பதில் பாதி வேலை வெயிலுக்கு, பாதி காற்றுக்கு. மணிக்கு ஒரு தடவை புரட்டுங்கள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். பனி இறங்கினால் பகல் முழுக்க இழுத்த ஈரம் ராத்திரியில் திரும்பி வந்துவிடும். எடுத்ததை ஓலைப்பெட்டியில் போட்டு மூடி வையுங்கள், பாலித்தீனில் வேண்டாம். ராத்திரி பெட்டிக்குள் கிடக்கும்போது நடுச்சதையில் நிற்கும் ஈரம் தோலுக்கு வந்து நிற்கும். காலையில் தொட்டால், நேற்று மொறுமொறுவென்று இருந்தது இன்றைக்குக் கொஞ்சம் தொய்ந்திருக்கும். காயவில்லையே என்று பதறாதீர்கள், அது நல்லதுதான். இரண்டாம் நாள் முழு வெயில், மூன்றாம் நாள் அரை வெயில். ஒரு நெத்திலியை நடுவில் மடக்கிப் பாருங்கள். வளைந்தால் இன்னும் ஆகவில்லை. சடக்கென்று ஒடிந்தால் ஆயிற்று. இரண்டு கிலோவுக்கு அரைக் கிலோவுக்குள்தான் தேறும். தலையையும் குடலையும் கிள்ளிவிட்டால் அதிலும் கால் பங்கு போய்விடும். கிள்ளாமல் அரைத்தால் கசக்கும்.

முழுக் கருவாடாக அனுப்பி அவள் என்ன செய்வாள்? அடுப்பு இல்லை. பொடியாக்குங்கள். நெத்திலிக் கருவாட்டுப் பொடி ஒன்றுதான் சமைக்காமல், சுடவைக்காமல், மெஸ் சோற்றிலும் பருப்பிலும் கலந்து தின்னக் கூடியது.

கிள்ளிச் சுத்தம் செய்த நெத்திலி 200 கிராம். ராமநாதபுரம் முண்டு மிளகாய் 40 கிராம். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கின மிளகாய், காசி வரைக்கும் போகட்டும். உளுத்தம்பருப்பு 60 கிராம், பொட்டுக்கடலை 40 கிராம், மிளகும் சீரகமும் ஒவ்வொரு தேக்கரண்டி, கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி, பெருங்காயம் சுண்டைக்காய் அளவு. தேங்காய் கிடையாது. கொப்பரை போட்டால் ருசியாகத்தான் இருக்கும், ஒரு மாசத்தில் சிக்கு வாடை அடிக்கும். புளியும் வேண்டாம், அது உள்ளே ஈரத்தை வைத்துக்கொண்டே இருக்கும். பூண்டு போட்டே ஆக வேண்டும் என்றால் எட்டுப் பல்லைத் தட்டி, வெறும் சட்டியில் சருகாகும்வரை வறுத்துப் போடுங்கள். நடுவில் ஒரு பல் மெத்தென்று இருந்தாலும் மொத்தப் பொடியும் அந்தப் பல்லைச் சுற்றிப் பூசணம் பிடிக்கும். உப்பு ஒரு கல்கூட வேண்டாம். மீனிலேயே இருக்கிறது. அரைத்து முடித்து, ஒரு வாய் சோற்றில் பிசைந்து பார்த்த பிறகு தேவைப்பட்டால், வறுத்த உப்பைச் சேருங்கள்.

எண்ணெய் விடாமல், ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுக்க வேண்டும். முண்டுக்குத் தோல் தடிமன், உள்ளே ஈரம் தங்கும். அதை முதல் நாளே வெயிலில் போட்டு, குலுக்கினால் விதை கலகலக்கிற பதத்தில் எடுத்து, பிறகு சட்டியில் போடுங்கள். நெத்திலியை இரும்புச் சட்டியில் சிறு தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிஷம், கை விடாமல். ஓசை மாறும், கவனியுங்கள். முதலில் சட்டியில் தொப்புத் தொப்பென்று விழுவது, கடைசியில் சல்லிக்கல் உரசுவதுபோல் சத்தம் போடும். அப்போது இறக்குங்கள். கருக விட்டால் பொடி முழுக்கக் கசப்பு. மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டுங்கள், ஒரேயடியாக ஓட்டினால் ஜார் சூடேறி, மீன் எண்ணெய் கசிந்து, பொடி உருண்டை கட்டும்.

இனி வருவதில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். அரைத்த சூட்டோடு பாட்டிலில் அடைத்து, இறுக்கி மூடி, அப்பாடா என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். சூடு ஆவியாகி மூடியில் ஒட்டி, முத்து முத்தாக வியர்த்து, பொடியின் மேலேயே சொட்டும். பூசணம் எப்போதும் மேல்பரப்பில் தொடங்குவது ஏன் என்று இப்போது தெரிகிறதா? அரைத்ததைத் தாளில் பரப்பி, விசிறிக்குக் கீழே இரண்டு மணி நேரம் ஆறவிடுங்கள். அடைப்பது பகல் பதினோரு மணியிலிருந்து மூன்று மணிக்குள் இருக்கட்டும். காலை ஆறு மணிக்கு வேலையை முடித்துவிடலாம் என்று கடல்காற்றில் உட்கார்ந்து அடைத்தால், அந்தக் காற்றின் ஈரத்தையும் சேர்த்துத்தான் அடைக்கிறீர்கள்.

அடைத்த பாட்டிலை ஒரு மணி நேரம் வெயிலில் வையுங்கள். எடுத்து மூடியின் உள்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். பளிச்சென்று இருந்தால் ஜெயித்தீர்கள். லேசாகப் பனி படர்ந்தாலும் கொட்டி, மறுபடி சட்டியில் புரட்டி, மறுபடி ஆற்ற வேண்டும். சோம்பல்படாதீர்கள்.

எதில் அடைப்பது? சாதாரண பாலித்தீன் கவர் தண்ணீரைத் தடுக்கும், வாடையைத் தடுக்காது. இரண்டு மூன்று கவர் சுற்றினாலும் மெதுவாகக் கசியும். ஜிப் கவரின் பல்லில் ஒரு சிட்டிகை பொடி மாட்டினால் அது மூடவே மூடாது. கண்ணாடி பாட்டில் வாடை விடாது, இறுகிய திருகு மூடியுள்ள பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தால் அதுவே போதும். கனம் வேண்டாம் என்றால் உள்ளே அலுமினியத் தகடு ஒட்டிய கவர் வாங்கி, அயர்ன் பாக்ஸால் ஓரத்தை ஒட்டுங்கள். 100 கிராம் வீதம் மூன்றாகப் பிரியுங்கள். ஒன்றைத் திறந்தால் மற்ற இரண்டுக்கும் அந்த ஊர் மழைக்காற்று படாது. சோதிக்க ஒரு வழி: கவரை அரிசி டப்பாவுக்குள் ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் அரிசியை முகர்ந்து பாருங்கள். அரிசியில் கருவாட்டு வாசம் இருந்தால் அந்தக் கவர் ரயிலேறக் கூடாது.

ஒவ்வொரு கவரிலும் மீன் பொடி என்று பெரிய எழுத்தில், தமிழில் இல்லை, இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். "மச்லி" என்று அவளே எழுதட்டும். பருப்புப் பொடி என்று நினைத்துச் சைவக்காரப் பிள்ளை ஒன்று சோற்றில் போட்டுப் பிசைந்துவிட்டால், அது சிரிப்பு விஷயமாக இருக்காது.

300 கிராம் போதுமா என்று கேட்பீர்கள். ஒரு வேளைக்கு ஒரு மேசைக்கரண்டி, எட்டு கிராம். தினம் தின்றாலும் ஐந்து வாரம் வரும். இரண்டு கிலோ என்று நீங்கள் எழுதியது அவளுடைய பசியின் அளவு இல்லை தாயி, உங்கள் பயத்தின் அளவு. எனக்குப் புரிகிறது. ஆனாலும் 300 கிராம்தான்.

அறைத்தோழிகளுக்கு என்று ஏதாவது கொடுக்க வேண்டும் அல்லவா, அதற்குக் கீழக்கரைத் தொதலை வாங்குங்கள். அரைக் கிலோ. தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் எண்ணெய் பிரிய வெந்த பண்டம், சைவக்காரருக்கும் ஆகும். போன முதல் வாரமே பங்கு போட்டுத் தின்று தீர்க்கச் சொல்லுங்கள், வெட்டின பக்கம் வைக்க வைக்கப் பூசணம் கட்டும். அவளுக்கென்று ஓட்டுமாவு, அதாவது தேங்காய்ப்பூ சேர்த்து வறுத்த அரிசிமாவு, ஒரு டப்பா. இந்த விஷயத்தில் கீழக்கரை, பெரியபட்டினத்துப் பெண்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கொழும்புக்கும் வளைகுடாவுக்கும் சபர் (பயணம்) போகிறவர்களுக்கு மூட்டை கட்டி அனுப்பிப் பழகிய கைகள் அவர்களுடையவை. தேங்காய்ப்பூ மாவோடு சேர்ந்து மணல் மாதிரி உதிர்கிறவரை வறுபட வேண்டும், கொஞ்சம் வெள்ளையாக இறக்கினாலும் மூன்றாம் வாரம் காறும். கருப்பட்டி சாயல்குடிப் பக்கத்தில் வாங்கியதா? நல்லது. அதைத் தாளில் சுற்றி ஓலைக் கொட்டானில் வையுங்கள். மழைக்காற்றுக்கு அதுவும் கசியும், அதனால் அரைக் கிலோவுக்கு மேல் வேண்டாம். விடுமுறைக்கு வந்து திரும்பும்போது விமானத்தில் போவதாக இருந்தால், கொப்பரை தீப்பிடிக்கக் கூடிய சாமான் என்று பெட்டியிலும் அனுமதிக்க மாட்டார்கள், மிளகாய்ப்பொடியைக் கைப்பையில் விடமாட்டார்கள். இப்போது ரயில்தானே, கவலை இல்லை.

ரயிலில் தின்ன: ஏறுகிற ராத்திரிக்குத் தயிர்சோறு, மறுநாள் மத்தியானம் வரை புளிச்சோறு. ஆறவைத்து வாழையிலையில் கட்டுங்கள், தேங்காய் எதிலும் வேண்டாம். அதற்குப் பிறகு அவலும் ஓட்டுமாவும் வழியில் வாங்குகிற வாழைப்பழமும். மூன்றாம் நாள் வரை தாங்கும் என்று இட்லி கட்டி அனுப்பாதீர்கள்.

மிச்ச இடத்தைக் காலியாகவே விடுங்கள். ஓட்டை விழுந்த இடத்தில் எல்லாம் முறுக்குப் பொட்டலம் சொருகாதீர்கள். அவள் அங்கிருந்து கொண்டுவர ஏதாவது இருக்கும்.

அடுத்த பார்சலை ஐந்து வாரம் கழித்து, அவள் கேட்டதை மட்டும் வைத்து, தபாலில் அனுப்புங்கள். மூன்று கிலோவுக்குள் இருக்கட்டும். அவள் கருவாட்டுப் பொடி கேட்டால், புரட்டாசி முடிவதற்குள் நெத்திலியைக் காயவைத்து எடுத்துவிடுங்கள். ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் மூன்று வெயில் தொடர்ந்து கிடைக்காது. அரைகுறையாகக் காய்ந்ததை அடுப்புச் சூட்டில் சரிசெய்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். வெளித்தோல் இறுகி, உள்சதை பச்சையாகவே நிற்கும். அந்த மாசம் பருப்புப் பொடி அனுப்புங்கள், போதும்.